நண்டு என்று சொல்லாத அந்த ஒரு நிமிஷம்

அண்ணி,

இன்று மத்தியானம் கீழ்வீட்டில் நண்டு வேகிற வாசனை மாடிப்படி ஏறி வந்தது. திருப்பதியில் இந்த வீட்டுக்கு நாங்கள் குடிவந்து மூன்று மாதம்தான் ஆகிறது. கீழே இருப்பவர்கள் சத்தியவேட்டுப் பக்கத்துக் குடும்பம், நல்ல மனிதர்கள். ஆனாலும் ஓடிப்போய் ஜன்னலைச் சாத்தினேன். "இன்னா ஆச்சு?" என்றார் இவர். ஒன்றுமில்லை என்றேன். நீங்கள் போய் ஒன்பது மாதமாகிவிட்டது. உங்களிடம் சொல்லாமல் விட்ட ஒன்றை இன்றைக்காவது எழுதிவிட வேண்டும்.

உங்களுக்குக் கல்யாணமான புதிதில், நம் பங்காருபாளையம் வீட்டில் ஒரு நாள் நண்டுக் குழம்பு வைத்தார்கள். இரண்டு வாய் சாப்பிட்டதும் உங்கள் உதடு வீங்கிவிட்டது. கொல்லைக் கதவுக்குப் பின்னால் நின்று கழுத்தைச் சொறிந்துகொண்டிருந்தீர்கள். பார்த்தது நான் ஒருத்திதான்.

"யார்கிட்டயும் சொல்லாத செல்வி. வந்த மாசமே இது ஆவாது அது ஆவாதுன்றா பாருன்னு பேசுவாங்க" என்றீர்கள்.

நானும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு எத்தனையோ முறை நீங்களே நண்டு சமைத்து எல்லோருக்கும் பரிமாறினீர்கள், ஒரு துண்டு தொட்டதில்லை. பிள்ளைக்கு மிச்சம் வைக்கிற தாய் என்று எல்லோரும் மெச்சினார்கள். உங்கள் பிள்ளை தினேஷும் அப்படித்தான் நம்பி வளர்ந்தான்.

அவன் ஜப்பானில் நகோயாவுக்கு வேலைக்குப் போன பிறகு அண்ணனையும் நம் இருவரையும் வரச்சொல்லி டிக்கெட் அனுப்பினான். மாங்காய் சீசனில் தோப்பை விட்டு வரமாட்டேன் என்று அண்ணன் சொல்லிவிட, நாம் இருவர் மட்டும் புறப்பட்டோம். அங்கே அவனுடைய மேலதிகாரியும் அவர் மனைவியும் நம்மை விருந்துக்கு அழைத்தார்கள். எது வேண்டும் என்று நாம் கேட்கிற கடையில்லை அது. சமையல்காரர் தானே முடிவு செய்து, பத்துப் பன்னிரண்டு பதார்த்தங்களை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து வைப்பார். முந்தின நாளே தினேஷ் கேட்டான்: "ஒத்துக்காதது எதுனா இருக்குதாம்மா?"

"மாடு, பன்னி வேணாம்னு சொல்லு. மத்ததெல்லாம் பர்வால்லேது" என்றீர்கள்.

பக்கத்தில்தான் நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். எனக்கு நண்டு நினைவுக்கு வரவேயில்லை. உங்களுக்கும் வந்திருக்காது.

வெளிச்சம் இருக்கும்போதே போனோம். நீளமான ஒற்றை மரப்பலகை, அதற்கு அந்தப் பக்கம் வெள்ளை உடுப்பில் வயதான சமையல்காரர். முதலில் ஒரு இலைமேல் விரல்நுனி அளவு ஏதோ வைத்தார். பிறகு பச்சை மீன், கண்ணாடி மாதிரி இரண்டு துண்டு. அதற்குப் பிறகு தெளிந்த ரசம்போல ஒன்று. நீங்கள் என் காதில், "இன்னாடி இது, சாமிக்குப் படைக்கிற மாதிரி கொஞ்சூண்டு கொஞ்சூண்டா வெக்கிறாரு. சோறு எப்ப வரும்னு கேளு" என்றீர்கள். அது காதில் விழுந்து தினேஷ் ஜப்பானிய மொழியில் சொல்ல, சமையல்காரர் சிரித்து, சோறு கடைசியில்தான் என்று குனிந்து கும்பிட்டார்.

அப்புறம் மூடி போட்ட கிண்ணம் வந்தது. ஆவியில் வேகவைத்த முட்டை, பாலாடைபோல வழுவழுப்பாக இருந்தது. நான் ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தேன். முட்டைக்கு அடியில் நார்நாராக வெள்ளைச் சதை. நாக்குக்கு உடனே தெரிந்துவிட்டது. நண்டு.

உங்கள் பக்கம் திரும்பினேன். உங்கள் கரண்டி வாய்க்குள் இருந்தது. மேலதிகாரியின் மனைவி உங்கள் முகத்தையே ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் மேலதிகாரி தினேஷிடம் அவன் வேலையை நிரந்தரமாக்குவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். இப்போது வாயைத் திறந்தால் பிள்ளைக்குத் தலைகுனிவாகிவிடும் என்று நினைத்தேன். அந்தக் காலத்தில் உதடுதானே வீங்கியது, சரியாகிவிடும் என்றும் நினைத்தேன். ஒரு நிமிஷம் சும்மா இருந்தேன் அண்ணி. நீங்கள் இரண்டாவது கரண்டி எடுத்தீர்கள். மூன்றாவதும்.

பிறகு கரண்டி பலகைமேல் விழுந்தது. கழுத்தைப் பிடித்துக்கொண்டீர்கள். இருமல், அதன் பின்னால் விசில் மாதிரி ஒரு சத்தம்.

"முள்ளு மாட்டிக்கிச்சா? தண்ணி குடிம்மா" என்று தினேஷ் முதுகைத் தட்டினான்.

"முள்ளு இல்லடா, நண்டு! உங்கம்மாவுக்கு நண்டு ஆவாது!"

"அம்மாவுக்கா? எனக்கு மிச்சம் வெக்கத்தானே துன்னாம இருந்தாங்க அத்த!"

"ஆவாதுன்னுதான்டா துன்னல. உனக்குத் தெரியாது!"

அவன் ஏதோ கத்தினான். யாரோ போனை எடுத்தார்கள். சமையல்காரர் கத்தியைப் போட்டுவிட்டு ஓடிவந்து, உங்களைத் தரையில் சாய்த்து, மண்டிபோட்டு உங்கள் காலைத் தன் மடிமேல் தூக்கி வைத்துக்கொண்டார். உங்கள் முகம் எனக்கு அடையாளம் தெரியாத அளவுக்கு வீங்கிவிட்டது. உதடு நீலமாகிக்கொண்டே வந்தது. என் மணிக்கட்டை நீங்கள் பிடித்த பிடியில் வளையல் நெளிந்தது. ஒரு மூச்சு முடிந்து அடுத்தது வருவதற்குள் எவ்வளவு நேரமானது! ஊருக்கு எப்படிப் போவேன், அண்ணனிடம் என்ன சொல்வேன் என்றே எனக்கு ஓடியது. ஆம்புலன்ஸ் வந்ததும் போனதும் எனக்குச் சரியாக நினைவில்லை. ஆஸ்பத்திரியில் தொடையில் ஊசி போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் அந்த விசில் சத்தம் அடங்கியது. அது அடங்கியபோது உயிரே போய்விட்டதென்று நினைத்து நான் அலறினேன். மூச்சு சீரானதால் அடங்கியது என்று தினேஷ் என்னைக் கட்டிப்பிடித்துச் சொல்ல வேண்டியிருந்தது.

மறுநாள் காலை நீங்கள் கரகரத்த குரலில் பேசினீர்கள். "மொத வாயிலயே தெரிஞ்சிடுச்சுடி. அந்தம்மா என் வாயையே பாத்துக்கினு இருந்தாங்க. எப்படித் துப்பறது? புள்ள மானம் போயிடும்ல."

எனக்கும் தெரியும் அண்ணி, நானும் அதற்காகத்தான் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. உங்களுக்குக் கஞ்சி ஊட்டினேன். "நீ மட்டும் இல்லன்னா நான் போயிருப்பேன்" என்று நீங்கள் சொன்னபோது தலையை வேறு ஆட்டினேன்.

அதற்குப் பிறகு இரண்டு வருஷம் நன்றாகத்தான் இருந்தீர்கள். மூளையில் ரத்தம் கட்டி, சித்தூர் ஆஸ்பத்திரியில் மூன்றே நாளில் போய்விட்டீர்கள். நண்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று டாக்டரிடம் இரண்டு முறை கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

காரியம் முடிந்து கிளம்பும்போது தினேஷ், "அன்னிக்கு நீங்கதான் அத்த அம்மாவைக் காப்பாத்தினீங்க" என்று என் காலில் விழப் போனான். தடுத்து, அந்த ஒரு நிமிஷத்தைச் சொல்லிவிட்டேன். அவன் பையைக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தான். பிறகு, "இப்பவும் பயமா இருக்குதா?" என்று மட்டும் கேட்டான்.

"இருக்குதுடா" என்றேன்.

இன்னும் இருக்கிறது அண்ணி. யாருடன் சாப்பிட உட்கார்ந்தாலும் என் இலையைப் பார்ப்பதில்லை, அவர்கள் தொண்டையைத்தான் பார்க்கிறேன். போன மாதம் சந்திரகிரியில் ஒரு கல்யாணப் பந்தியில், எதிரே உட்கார்ந்திருந்த சம்பந்தியம்மாள் மெல்லுவதைச் சட்டென்று நிறுத்தினார். "இன்னாங்க ஆச்சு? எது ஆவல? துப்பிடுங்க!" என்று நான் கத்திய கத்தலில் பந்தி முழுவதும் திரும்பிப் பார்த்தது. பச்சை மிளகாயைக் கடித்துவிட்டாராம். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. அவர் தண்ணீர் குடித்து, மூச்சு விட்டு, மறுபடி இலையில் கை வைக்கும்வரை நான் உட்காரவில்லை.