மூன்றாம் குருவின் இரண்டு வரி

அன்புள்ள மகன் ரூபனுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே கிள்ளானில் நானும் அம்மாவும் நலம். நீ நலமா என்று எல்லோரும் ஒப்புக்கு எழுதுவார்கள், நான் இந்த முறை நிஜமாகவே கேட்கிறேன். நாலு மாதமாக நீ போனை எடுப்பதில்லை, அதனால்தான் இந்தக் கடிதம். அம்மாவுக்கு முட்டி வலி அப்படியே இருக்கிறது, ஆனாலும் பாசார் மாலாம் இரவுச் சந்தைக்குப் போகாமல் இருக்கமாட்டாள். ரூபன் ஏன் கூப்பிடுவதில்லை என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள், வேலை அதிகம் என்று பொய் சொல்லி வைத்திருக்கிறேன்.

பெரிய வெள்ளிக்கு நம் கோயிலில் வழக்கம்போல் ஆண்டவர் சிலுவையில் பட்ட பாடுகளின் நாடகம் போட்டோம். எனக்குப் பத்தொன்பது வருஷமாக ஒரே வேஷம், சீடனுக்குக் காசு கொடுத்து ஆண்டவரைப் பிடித்த ஆலயக் குருக்களில் மூன்றாம் குரு. பெரிய குருவுக்குப் பக்கம் பக்கமாகப் பாட்டு, எனக்கு இரண்டே வரி. காட்டிக்கொடுத்த சீடன் மனம் கலங்கி, தப்புச் செய்துவிட்டேன் என்று அழுதுகொண்டு வருவான், நான் அவனைப் பார்த்து, 'செய்தவன் நீயே சுமப்பவன் நீயே, செல்வாய் வெளியே எமக்கிதில் என்ன' என்று பாடி முதுகைத் திருப்பிக்கொள்ள வேண்டும். இந்த வருஷம் வாய் வரவில்லை. திரைக்குப் பின்னாலிருந்து புனிதா டீச்சர் இரண்டு தடவை எடுத்துக் கொடுத்தார், நான் மரம் மாதிரி நின்றேன். கடைசியில் இரண்டாம் குருவே பாடி முடித்தார். சீடனாக நடித்த லாரன்ஸ், "என்ன அங்கிள், ரெண்டு வரிதானே லா" என்று கேட்டான்.

அவனுக்கு என்ன தெரியும். பெர்த்தில் உன்னோடு ஒரே அறையில் இருந்த கமலநாதனுக்குப் பெர்மிட் இல்லை என்று முதலாளியிடம் நீதான் சொன்னாய் என்றும், அவனைப் பிடித்து ஊருக்கு அனுப்பிவிட்டார்கள் என்றும் நீ போனில் அழுதாய். நான் என்ன சொன்னேன்? "நீ செஞ்சத நீயே பாத்துக்க, எனக்கென்ன" என்று வைத்துவிட்டேன். பாட்டாகச் சொல்லவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். கமலநாதன் நமக்கு மூன்றாவது வீடு, அவன் அம்மா முகத்தில் எப்படி முழிப்பது என்பதைத்தான் நான் நினைத்தேன், உன்னை நினைக்கவில்லை. அந்த இரண்டு வரியைக் கேட்டபிறகு சீடன் கயிற்றை எடுத்துக்கொண்டு எங்கே போகிறான் என்று எனக்குத் தெரியும். முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றதால் இத்தனை வருஷமும் நான் அதைப் பார்த்ததில்லை. இப்போது பயமாக இருக்கிறது, ரூபன்.

நீ செய்தது தப்புதான், அதை மாற்றிச் சொல்லமாட்டேன். கமலநாதனும் கோபமாகத்தான் இருக்கிறான். ஆனால் தப்பென்று அழுதுகொண்டு வந்தவனை வெளியே அனுப்பியது என் தப்பு. நீ வா. அவன் வீட்டு வாசலில் உன்னோடு நானும் வந்து நிற்கிறேன், என்ன ஏசினாலும் இரண்டு பேருமாகக் கேட்டுக்கொள்வோம்.

ஆண்டவர் உன்னைக் கைவிடமாட்டார். வேளைக்குச் சாப்பிடு. கடிதம் கிடைத்த அன்றைக்கே ஒரு செய்தி அனுப்பு, என்னோடு பேச மனமில்லை என்றால் அம்மா போனுக்கு அனுப்பு. 'இருக்கிறேன்' என்று ஒரே ஒரு வார்த்தை போதும்.

உன் அப்பா
ஆரோக்கியம்