ஒழுகும் குழாயும் கானாங்கோழியும்

ஜூன் 4

ஆபீஸ் பின்பக்கத் தண்ணீர் மோட்டாரை இன்று மறுபடியும் பிரித்து மாட்டினோம். மீட்டிங் நடக்கும்போதெல்லாம் "க்ர்ராக்... க்வாக் க்வாக்" என்று அலறுகிறதாம். மேலாளர் என்னைக் கூப்பிட்டு, "கட்டடப் பராமரிப்பு உங்க பொறுப்புதானே? வர்றவங்க முன்னாடி மானம் போகுது" என்றார். குழாய்க்காரர் பேரிங் மாற்றினார், எண்ணெய் விட்டார், பல்லைக் கடித்துக்கொண்டு மூடினார். நான் சுவிட்சை அணைத்தேன். மோட்டார் நின்றது. சத்தம் நிற்கவில்லை!

"அக்கா, கரன்டே இல்லாம கத்துதே" என்றார். ஆள் வெளிறிப்போய்விட்டார்.

ஜூன் 5

பேயுமில்லை, பிசாசுமில்லை. பறவை! மதிலோரப் பள்ளத்தில், கோரைக்குள்ளிருந்து நடந்து வந்தது. முதுகு கறுப்பு. முகமும் மார்பும் தும்பைப்பூ வெள்ளை. வாலைத் தூக்கித் தூக்கி ஆட்டுகிறது, அடியில் செங்கல் நிறம். சோதனைக்கு வந்த அதிகாரி மாதிரி ஒரு நடை. மோட்டார் அறைச் சுவரைப் பார்த்து ஒரு கத்து கத்தியது பாருங்கள் — சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்துவிட்டது.

ஒன்பது வருஷமாக அந்தப் பக்கம் குப்பை அள்ள ஆள் அனுப்புகிறேன். ஒரு நாளாவது நின்று பார்த்திருக்கிறேனா?

வீட்டுக்கு வந்து மூச்சு விடாமல் சொன்னேன். "நம்ம கல்யாணத்தன்னிக்குக்கூட உன் முகத்துல இவ்வளவு பல்லு தெரியல" என்றார் வீட்டுக்காரர்.

ஜூன் 6

பெயர் கானாங்கோழி. கானாங்கோழி, கானாங்கோழி!

ஜூன் 11

இரண்டு! ஜோடி! கோரைக்குள் கூடு. ஒன்று அடைகாக்கிறது, மற்றது ஊரைக் கூட்டுகிறது. என் மதியச் சாப்பாடு இப்போது ஜெனரேட்டர் மேடையில்தான். குழாய்க்காரரும் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார். "வாயில வெச்சுக்கிட்டு சிரிக்காதீங்கக்கா, பொரையேறும்." சொல்லி முடிப்பதற்குள் அவருக்கே ஏறியது.

ஜூன் 14

மழையே இல்லையே, பள்ளத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். குழாய்க்காரர் மேலே கை காட்டினார். முதல் மாடி ஏசித் தண்ணீர்க் குழாய் இணைப்பில் விட்டிருக்கிறது. சுவர் வழியாக வடிந்து பள்ளத்தில் சேர்கிறது.

அந்தச் சுவரைத்தான் மேலாளரும் இன்று பார்த்துத் தொலைத்தார். "ஒரே பாசி. உடனே அடைச்சிடுங்க."

ஒழுகலை அடைப்பதுதான் என் வேலை. அடைத்தால் நாலு நாள் வெயிலில் பள்ளம் காய்ந்துவிடும். அப்புறம் அதுங்க எங்க போகும்? முட்டையத் தூக்கி இடுப்புல வெச்சுக்கிட்டா போகும்? தூக்கம் வரவில்லை.

ஜூன் 17

பசை தீர்ந்துவிட்டது என்றேன்.

ஜூன் 18

ஏணி சரியில்லை என்றேன். பொய் சொல்லும்போது எனக்கு ஏன் இப்படிச் சிரிப்பு வருகிறது? இந்த வயதில்!

ஜூன் 20

குழாய்க்காரருக்கு இடுப்புப் பிடிப்பு என்றேன். மேலாளர் ஜன்னலைக் காட்டினார். கீழே இடுப்புப் பிடித்தவர் ஒரு பூனையைத் துரத்திக்கொண்டு மதில்மேல் தாவிக்கொண்டிருந்தார்.

முழுப் பூசணிக்காயை எத்தனை நாள்தான் சோற்றில் மறைப்பது? எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"அப்ப மோட்டார்ல கோளாறே இல்ல?"

"இல்ல சார்."

"பேரிங் மாத்தினது?"

"பேரிங்கும் பழசுதான் சார்."

அவர் சிரிக்கவில்லை. "நாளைக்குக் காலைல அடைச்சாகணும். நானே வந்து நிக்கிறேன்."

போச்சு. எல்லாம் போச்சு. கொஞ்சம் அழுதேன்.

ஜூன் 21

வந்தார், நின்றார். குழாய்க்காரர் செத்த முகத்தோடு ஏணியில் பாதி ஏறியிருப்பார். கோரை அசைந்தது. முதலில் அம்மா. பின்னால் கரித்துண்டு கரித்துண்டாக — குஞ்சுகள்! உருண்டு, விழுந்து, எழுந்து!

"அசையாதீங்க" என்று மேலாளர் கிசுகிசுத்தார். யாரிடம் சொன்னாரோ, குழாய்க்காரர் ஒற்றைக் காலைத் தூக்கியபடியே ஏணியில் நின்றார். கடைசிக் குஞ்சு தண்ணீரில் இறங்கும்வரை இறக்கவில்லை.

அப்போதுதான் எனக்குச் சொல்லத் துணிவு வந்தது. "சார், இணைப்பை அடைச்சிட்டு, ஒரு குழாய நேரா பள்ளம் வரைக்கும் இறக்கிடலாம். சுவரும் ஊறாது, பள்ளமும் காயாது."

"இத முதல்லயே சொல்றதுக்கு என்ன?"

"பறவைக்காகக் குழாய் கேட்டா சிரிப்பீங்கன்னு..."

"சிரிச்சிருப்பேன்" என்றார், குஞ்சுகளிடமிருந்து கண்ணை எடுக்காமல்.

மதியத்துக்குள் குழாய் இறங்கிவிட்டது. அடக் கடவுளே, பதினைந்து நிமிஷ வேலை! இதற்கா இத்தனை பொய்!

ஜூலை 9

வெளியிலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள். பெரிய மீட்டிங். புரொஜெக்டர் சரிசெய்ய நானும் உள்ளே இருந்தேன். நடுவில், "க்ர்ராக்... க்வாக் க்வாக்!"

வந்தவர் ஒருவர் திடுக்கிட்டு, "என்ன சத்தம் அது?" என்றார்.

மேலாளர் நிதானமாக மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். என் பக்கம் திரும்பவே இல்லை.

"மோட்டார்" என்றார். "நாங்களும் என்னென்னவோ பண்ணிப் பாத்துட்டோம். சரியே ஆகாதாம்."