அணில்முடி பிரஷ்

என்னங்க,

வேறெப்படியும் கூப்பிட்டுப் பழக்கமில்லை, அதனால் இப்படியே தொடங்குகிறேன்.

நீங்கள் அனுப்பிய அணில்முடி பிரஷ் வந்து சேர்ந்தது. கூட இருந்த சீட்டையும் படித்தேன். “நைலான் பிரஷ்ல வரைஞ்சா அது படமா? வீட்டுக்கு வா, இனிமே இது உனக்குத்தான்.”

பதினோரு வருடம் அதைக் கைக்குழந்தை மாதிரி குளிப்பாட்டி, உதட்டால் நுனியைக் கூராக்கி, துணியில் படுக்க வைத்தவள் நான். ஒரு நாளாவது அதால் வரைய விட்டீர்களா? “உன் கை பட்டா பாழாயிடும்” என்பீர்கள்.

நேற்று வரைந்தேன். நீங்கள் பீற்றிக்கொண்டது நிஜம்தான். வயிறு முட்டத் தண்ணீர் குடிக்கிறது, வானம் முழுக்க ஒரே இழுப்பில் வந்துவிட்டது. ஆனால் அழுத்தினால் அழுத்தியபடியே கிடக்கிறது. என் நைலான் கொஞ்சம்தான் குடிக்கும், அழுத்தி எடுத்த மறுநொடி விறைப்பாக நிமிர்ந்துவிடும். இந்த அறை ஜன்னலில் தெரியும் மொட்டைமாடிக் கம்பிகளை அதால்தான் வரைகிறேன். எனக்கு அதுதான் சரி.

உங்கள் பிரஷ்ஷை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். நீலம் அப்படியே காய்ந்திருக்கும். வெந்நீர் படக்கூடாது, முடி உதிரும். பச்சைத் தண்ணீரில் நீங்களே கழுவிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
நான்தான்