பின்சீட்டுக் குளிர்

அன்பு மகன் ஜாசிமுக்கு, கொடைக்கானலில் இருந்து அம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே எல்லாரும் உடம்புக்குச் சுகமாக இருக்கிறோம். மனசுக்கும் சுகமா என்று கேட்டால், அதற்குத்தான் இந்தக் கடிதம்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று சிரிப்பாய். உன்னைப் பெற்ற அத்தாவுக்கு ஸ்பீக்கரில் போட்டால்தான் காதில் விழும், போட்டால் தெருவுக்கே விழும். அதோடு நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் நீ நாலு வார்த்தை சொல்லிவிட்டு, டூட்டி என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது பார். லீவில் வந்திருந்த தமீம் அன்சாரி ஞாயிற்றுக்கிழமை தோஹாவில் இறங்குகிறான், அவன் கையில் கொடுத்துவிட்டிருக்கிறேன். மலைப்பூண்டும் வைத்திருக்கிறேன். பூண்டை அப்புறம் பிரித்துக்கொள், முதலில் இதைப் படி.

நீ அனுப்பிய காசில் வாங்கிய ஹைபிரிட் கார் இப்போது நன்றாக ஓடுகிறது. அன்றைக்கு ஏன் நின்றது என்று உனக்கு யாரும் சரியாகச் சொல்லவில்லை. நான் சொல்கிறேன்.

என் மருமகள் மிஸ்பாவுக்கு வயிற்றுப் பிள்ளையை ஸ்கேன் எடுக்கப் பெரியகுளம் போய்விட்டு, அடுக்கம் ரோட்டில் ஏறி வந்துகொண்டிருந்தோம். பெரிய ரோட்டிலேயே சுற்றி வரலாம் என்றேன். "வெரசாப் போயிரலாம், நீ சும்மா வா" என்று உன் அத்தா வாயை அடைத்துவிட்டார். கீழே நல்ல வெயில். அடுக்கம் தாண்டி ஏற்றத்தில் வண்டிக்குச் சட்டென்று சக்தி இறங்கிவிட்டது. மிதிக்க மிதிக்க மெதுவாகிறது. முன்னால் திரையில் மஞ்சளாக ஏதோ எரிந்தது, ஒரு வளைவில் நின்றே போனது. அத்தா பட்டனை அமுக்கி அமுக்கிப் பார்த்தார், கிளம்பவில்லை. விளக்கைச் சிமிட்ட விட்டு, கதவையும் திறந்து போட்டுக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம். கடைசியில் அந்த விளக்கும் அணைந்துவிட்டது.

மிளகு ஏற்றிவந்த ஜீப்காரர்கள் நிறுத்தினார்கள். ஒருவர் பெட்ரோலில் தண்ணீர் என்றார். இன்னொருவர், "இந்த மாதிரி வண்டியெல்லாம் மலைக்கு ஆகாதுங்க, தள்ளி விட்டுட்டு ஜீப் வாங்குங்க" என்றார். வெந்த புண்ணில் வேல் பாய்ச்ச இவ்வளவு தூரம் வரவேண்டுமா! ஜீப் பேட்டரியில் இருந்து நம் வண்டிக்கு வயர் மாட்டிக் கொடுத்தார்கள். விளக்கெல்லாம் வந்தது, வண்டி மட்டும் கிளம்பவில்லை. உன் அத்தா முகத்தைப் பார்க்க முடியவில்லை. பம்பரைத் தூணில் உரசினாரே, அன்றைக்கு நீ சொன்னாய் அல்லவா, இன்னொரு தடவை ஏதாவது ஆனால் வண்டியை விற்றுவிடுவேன் என்று. அதுதான் அவர் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் கார் வந்த பிறகுதான் மனிதர் வெள்ளனே எழுந்து, முகச்சவரம் செய்து, நாலு பேரோடு பேசுகிறார்.

அத்தா போன் போட்டதும் பெருமாள்மலையில் இருந்து மெக்கானிக் ஆக்னல் பைக்கில் வந்தான். அத்தா வளைவுக்கு மேலே நின்று வருகிற வண்டிகளுக்குக் கை காட்டிக்கொண்டிருந்தார். நான் ஓரமாக அஸர் தொழுதேன். மிஸ்பா மட்டும்தான் கார் பக்கத்தில். ஆக்னல் கையளவு மிஷினை மாட்டிப் பார்த்துவிட்டு, "பெரிய பேட்டரி கொதிச்சுக் கெடக்கும்மா" என்றானாம். அந்தப் பேட்டரி பின்சீட்டுக்குக் கீழே இருக்கிறதாம், சீட்டு ஓரத்துச் சந்து வழியாகத்தான் அதற்குக் காற்று போகுமாம். அவன் கையை விட்டு இழுத்தால், கம்பளித் துண்டு வந்திருக்கிறது.

யார் திணித்தது என்று உனக்கே தெரியும். பனிக்காலம் தொடங்கினால் ஜன்னல் சந்து, கதவு இடுக்கு, ஓட்டு இடைவெளி எல்லாவற்றிலும் பழைய கம்பளியைக் கிழித்துத் திணிக்கிறவர் உன் அத்தாவை விட்டால் இந்த ஊரில் வேறு யார்? காரில் போகும்போது காலெல்லாம் விறைக்குது மாமா என்று மிஸ்பா ஒருநாள் சொல்லியிருக்கிறாள். பிள்ளைத்தாய்ச்சிக்குக் குளிர் ஆகாதே என்று மனிதர் காரையும் வீடு மாதிரி அடைத்துவிட்டார். வாயால் ஒரு நல்ல வார்த்தை சொல்லத் தெரியாத ஆள், கையால்தான் செய்வார்.

ஆக்னல் பேட்டரியை ஆறவிட்டு, மிஷினில் காட்டிய கோளாறுக் குறிப்பை அழித்து, விளக்கு எரிந்ததில் இறங்கிப்போன சின்னப் பேட்டரிக்கு மறுபடி வயர் கொடுத்ததும் வண்டி கிளம்பியது. அதற்குள் மிஸ்பா அவனிடம், "அண்ணே, மாமா காதுல விழ வேண்டாம்" என்று கெஞ்சியிருக்கிறாள். அவனும் தூசி அடைத்திருந்தது, ஊதிவிட்டேன் என்று அத்தாவிடம் சொல்லிவிட்டான்.

அன்று சாயங்காலம் நீ போனில் கேட்டது ஞாபகம் இருக்கிறதா? முந்தின நாள் வண்டியை யார் எடுத்தது என்று. மிஸ்பா மைதானத்தில் ஓட்டிப் பழகினாள் என்று அத்தா சொன்னதுதான் தாமதம், அவள் எதையாவது அமுக்கியிருப்பாள் என்று குதித்தாய். ஆமா, நான்தான் ஏதோ அமுக்கிட்டேன் என்று அவளும் ஒத்துக்கொண்டாள். அப்போது நீ ஸ்பீக்கரில் சொன்னாயே, "ஆட்டோகூட இல்லாத வீட்டுல இருந்து வந்தவளுக்குக் காரு ஒரு கேடா" என்று, அதை அத்தா கேட்டார், நான் கேட்டேன், எதிர்வீட்டு மகாதேவியும் கேட்டாள். இப்படியாடா உன்னை வளர்த்தேன்?

ஸ்கேன் தாளைத் தேடி மிஸ்பாவின் பையில் நான் கைவிட்டபோதுதான் அந்தக் கம்பளித் துண்டு என் கையில் வந்தது. கேட்டேன், பிடிவாதமாகக் கேட்ட பிறகு சொன்னாள். "மாமாவுக்குத் தெரிஞ்சா இனிமே சாவியைத் தொட மாட்டாங்க மாமி. உங்க மகனுக்குத் தெரிஞ்சா வண்டியை வித்துருவாங்க. என்னையத் திட்டுனா திட்டிட்டுப் போகட்டும்" என்றாள். இருபத்துமூணு வயசுப் பிள்ளைக்கு இருக்கிற பொறுமை உனக்கும் இல்லை, எனக்கும் இல்லை. "எனக்கு இப்பல்லாம் உடம்பு சூடா இருக்கு மாமா, அந்தத் துணி வேணாம்னு எடுத்துட்டேன்" என்று அத்தாவிடம் சொல்லிவைத்திருக்கிறாள். அவர் மறுபடி அடைத்துவிடக் கூடாதே என்று, இரண்டு சாக்ஸ் போட்டுக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டு காரில் உட்காருகிறாள்.

உன்னைப் பற்றி ஒரு குறை சொல்லவில்லை. குறை சொன்னால்கூட எனக்கு நிம்மதியாக இருக்கும். நீ கூப்பிட்டால் போனைக் கவிழ்த்து வைக்கிறாள். இந்தக் கடிதம் உன் கைக்கு வருகிற வாரமே, வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் அவள் அம்மா வீட்டார் பேறுகாலத்துக்கு அழைத்துப்போகப் பெரியகுளத்தில் இருந்து வருகிறார்கள். நேற்று பீரோவில் இருந்து துணி எல்லாவற்றையும் எடுத்து வைத்தாள். பிள்ளை பெறப் போகிறவளுக்குக் கல்யாணப் புடவை எதற்கு, மகனே? நான் பார்த்தேன். திரும்பி வருவாயா என்று கேட்கத் தைரியம் வரவில்லை.

இந்தக் கடிதம் கிடைத்ததும் அவளிடம் பேசு. எடுக்காவிட்டால் திரும்பக் கூப்பிடு, எடுக்கும்வரை கூப்பிடு. அத்தா செய்தது உனக்குத் தெரிந்ததாக ஒரு வார்த்தை வரக் கூடாது, நான் எழுதியதாகவும் வரக் கூடாது. அவள் மேல் தப்பில்லை என்று தெரிந்ததற்காக மன்னிப்புக் கேட்காதே. அவளே அந்தக் காரை உருட்டிப் பள்ளத்தில் தள்ளியிருந்தாலும் நீ சொன்னது சொல்லக் கூடாத வார்த்தை. அதற்காகக் கேள்.

அல்லாஹ் உன் நாவை மென்மையாக்கி வைக்கட்டும், உன் பிள்ளையை நல்லபடியாக இறக்கித் தரட்டும். உனக்கு லீவு கிடைக்காவிட்டால் பரவாயில்லை, பிறந்த குழந்தையின் காதில் நீ சொல்ல வேண்டிய பாங்கை உன் அத்தா சொல்லிவிடுவார். மிஸ்பாவிடம் சொல்ல வேண்டியதை மட்டும் உனக்குப் பதிலாக இந்த வீட்டில் யாரும் சொல்ல முடியாது.

துஆவுடன்,
அம்மா சுலைகா