பதினான்கு ஆலிவ் மரங்களும் மேல்கரைக் கலிங்கும்

செப்டம்பர் 28
துனிஸில் வெள்ளமாம். மத்மாத்தா மலையில் எங்களுக்குக் கால் மணி நேரம், ஆனால் நல்ல மழை. அப்படியும் ஓடை என் கரைக்கு வரவில்லை. போன வருடமும் இப்படித்தான். ஓடைக்குக் குறுக்கே மேலே பெல்காசெமின் கரை, கீழே என்னுடையது; கரை தேக்கும் தண்ணீர்தான் அவரவர் நிலத்துக்கு. அவன் நிலம் நிரம்பி, கரையில் தாழ்வாக விட்ட கல் வாயான கலிங்கில் வழிந்தால்தான் எனக்குத் தண்ணீர். என் பதினான்கு ஆலிவ் மரங்களில் இரண்டின் உச்சி காய்ந்துவிட்டது. இந்தக் குளிர்காலமும் வறண்டால் எல்லாம் போய்விடும்.

செப்டம்பர் 30
கலிங்கை உயர்த்தியிருக்கிறான். வேறென்ன?

அக்டோபர் 6
கடையில் எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டேன். "கலிங்குல எத்தனை கல்லு ஏத்தி வெச்சே?" பெல்காசெம் என் கணவர் மிலூத்துக்குச் சித்தப்பா மகன். ஒருநாளும் என்னை எதிர்த்துப் பேசியதில்லை. "அளந்து பாத்துட்டுப் பேசுங்க அண்ணி" என்று ரொட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். மிலூத் பக்கத்தில்தான் நின்றார். கட்டியவளுக்காக ஒரு வார்த்தை பேச வாய் வரவில்லை இந்த மனிதருக்கு!

அக்டோபர் 7
அளந்தோம். எங்கள் வழக்கப்படி, புகார் சொன்னவர் கைதான் அளவுகோல். கரையின் தலையிலிருந்து கலிங்குவரை நான்கு சாண் இருக்க வேண்டும். இருந்தது — என் கையாலேயே. மண்ணுக்குள் போய்விடலாம் போலிருந்தது.
"எனக்கே தண்ணி வரலை அண்ணி. என் அத்தி மரத்தப் பாத்தீங்களா?"
பார்க்கவில்லை. என் மரங்களைத் தவிர எனக்கு வேறெது கண்ணில் பட்டது?
அப்படியானால் மழை எங்கே போனது?

அக்டோபர் 8
பெல்காசெம், மிலூத், நான் மூவரும் சரிவில் ஏறினோம். இந்தச் சரிவில் யாரும் ஏர் ஓட்டுவதில்லை. அதில் விழும் மழை கீழே நிலம் வைத்திருப்பவனுடையது. தண்ணீர் அரித்த கோடுகளைப் பிடித்துக்கொண்டே போனோம். எல்லாம் ஒரே இடத்தில் முடிந்தன: வீட்டுக்கு வண்டி வருவதற்காகப் போன வருடம் மிலூத் வெட்டிய பாதை. சக்கரத் தடமே வாய்க்காலாகி, மொத்தத்தையும் முகட்டின் பள்ளம் வழியாக அடுத்த ஓடைக்குக் கொண்டுபோயிருக்கிறது.
பெல்காசெம் தரையில் உட்கார்ந்து சிரித்தான். "மழைக்கே ரோடு போட்டு அனுப்பி வெச்சுட்டியே அண்ணே!"
எனக்குச் சிரிப்பு வரவில்லை. கேஸ் சிலிண்டர் தூக்க முடியலை, பாதை போடு பாதை போடுன்னு உயிரை எடுத்தது யாரு? நான்தானே. மிலூத் அதைச் சொல்லிக்காட்டவில்லை. அதனாலேயே அழுகை வந்தது.

அக்டோபர் 13
பாதையை மூடியாயிற்று. சிலிண்டர் இனி தோளில்தான். அதே கடையில், எல்லார் முன்னாலும், தப்பு என்னுடையது என்று சொன்னேன். "சரி சரி, டீ சொல்லுங்க" என்றான் பெல்காசெம்.

நவம்பர் 4
மழை. சின்ன மழைதான்.

நவம்பர் 5
வந்துவிட்டது! கலங்கலும் நுரையும் ஆட்டுப் புழுக்கையுமாக, முழங்கால் அளவு. பதினான்கு மரங்களும் தண்ணீரில் நிற்கின்றன. அப்பாடா. ஒரு வருடமாக நெஞ்சில் கிடந்த கல் இறங்கியது.
ஆனால் இவ்வளவு சின்ன மழைக்கு எப்படி? மேலே போய்ப் பார்த்தேன். பெல்காசெமின் நிலம் பாதிகூட நிரம்பவில்லை. கலிங்கில் ஒரு வரிசைக் கல்லை எடுத்துக் கரைமேல் அடுக்கி வைத்திருக்கிறான்.
"என்னடா இது?"
"உங்க மரம் இன்னொரு மாசம் தாங்காது அண்ணி. என் அத்தி தாங்கும்."
வீட்டுக்கு வந்து, அவனுக்கும் சேர்த்து மாவு பிசைந்தேன்.