சனக்கணக்கில் விட்ட பேரு

ஒக்கூர், 1931

ஒச்சம்மா அப்பாவுக்கு,

போன சனக்கணக்குக்கு ஆள் வந்தப்ப, நம்ம மக தொட்டில்ல கிடந்தா. "பொட்டப்பிள்ளைதானே, அதை எழுத வேணாம்"னு சொல்லி அனுப்புனீக. மறுமாசமே ரங்கூனுக்குக் கப்பலேறினீக. அங்க இன்னொருத்தியோட குடித்தனம் நடத்துறதாக் கேள்விப்பட்டேன்.

பத்து வருசம் கழிச்சு நேத்து மறுபடி கணக்கெடுக்க ஒருத்தர் வந்தாரு. ஒச்சம்மா பேரைத்தான் முதல்ல எழுதச் சொன்னேன். அப்புறம் என்னையக் கேட்டாரு.

"புருசன் இருக்காகளா?"

"இல்லை. விதவைன்னு எழுதுங்க."

"கழுத்துல தாலி கிடக்கே, ஆத்தா?"

"அது கிடக்கட்டும். நீங்க எழுதுங்கய்யா."

எழுதிட்டாரு. மாத்தணுமுன்னா அடுத்த கணக்குக்கு இன்னும் பத்து வருசம் இருக்கு. அதுவரைக்கும் சர்க்கார் ஏட்டுல நீங்க செத்தவுகதான்.

நான் சொல்லச் சொல்ல இதை எழுதுறது, நீங்க எழுத விடாத அந்தப் பிள்ளைதான்.

இப்படிக்கு,
கணக்குப்படி விதவை