சிவப்பு ரிப்பனில் அடித்த பார்கோடு

அக்கா,

இன்று நீதிமன்றத்துக்கு எதிரே உள்ள கூரியர் கடையில் லேபிள் பிரிண்டர் ஓடிக்கொண்டிருந்தது. சூடேறிய மை ரிப்பனின் மெழுகு வாசனை. உன் மசாலாக் கிடங்கில் மல்லி, சோம்பு மணத்துக்கு நடுவிலும் அந்த வாசனை மட்டும் எப்படித் தனியாகத் தெரிந்தது என்று வியந்தபடி நின்றேன்.

அன்று நீ லேபிள் அடித்தது, மதுரை சூப்பர் மார்க்கெட்டிலிருந்து உனக்கு வந்த முதல் ஆர்டருக்காக. பார்கோடு படிக்காவிட்டால் சரக்கு முழுவதும் திரும்பிவிடும் என்ற நிபந்தனையை உனக்கு வாசித்துக் காட்டியவன் நான். மாலையில் வண்டி வரவேண்டும். பொட்டலங்களில் எல்லாம் லேபிள் ஒட்டியாயிற்று. உன் ஸ்கேனரோ ஒன்றைக்கூடப் படிக்கவில்லை.

கோடுகள் கறுப்பில்லை, சிவப்பு. “மொத மொதல்ல வெளிய போற சரக்கு, கறுப்புலயா அடிப்பாங்க?” என்று சிவப்பு ரிப்பனைக் கேட்டு வாங்கி மாட்டியிருந்தாய்.

ஆனால் அதே கோடுகளை என் கைப்பேசி தடையின்றிப் படித்தது. ஒரே பொருளைப் பற்றி இரு சாட்சிகள் முரண்பட்டால் ஒருவர் சொல்வது பொய்யாக இருக்க வேண்டும் என்பது என் தொழில் பழக்கம். ஸ்கேனர்தான் பழுது என்றேன்.

“இருலே வக்கீலு. செத்த நேரம் அதையும் பேச விடு.”

சன்னலைச் சாத்தி, முந்தானையால் மறைவு கட்டி, லேபிளின்மேல் ஸ்கேனரின் சிவப்பு ஒளியைப் பாய்ச்சினாய்.

“ஏலே, இங்க வா! கோட்டையே காணோம்!”

குனிந்து பார்த்தேன். அந்த ஒளியில் வெள்ளைத் தாளும் சிவப்பு, கோடும் சிவப்பு. கைப்பேசி பார்த்திருந்தது அறையின் வெள்ளை வெளிச்சத்தில். ஸ்கேனருக்குத் தன் சிவப்பைத் தவிர வேறு வெளிச்சமில்லை. இரண்டுமே உண்மையைத்தான் சொல்லியிருந்தன. வண்டியை மறந்து, மஞ்சள்தூள், மிளகு, உன் சேலைக்கரை என்று ஒவ்வொன்றாக அந்த ஒளியில் பிடித்துப் பார்த்தோம். மஞ்சள்தூள் வெள்ளைத் தாளோடு கலந்து மறைந்தது. மிளகு மட்டும் கரியாய் நின்றது.

“அப்ப மஞ்சத்தாள்ல கறுப்புல அடிச்சா? நல்ல காரியத்துக்கு மஞ்சளும் ஆச்சு, இந்தக் குருட்டுப் பயலுக்குக் கண்ணும் தெரியும்ல?”

விலைச்சீட்டுக்கென வைத்திருந்த மஞ்சள் சுருளை மாட்டினாய். பிரிண்டருடன் வந்த கறுப்பு ரிப்பன் பிரிக்காமலே இருந்தது. முதல் லேபிளிலேயே ஸ்கேனர் ஒலித்தது. பழையதன்மேல் புதியதை ஒட்டி முடிப்பதற்குள் வண்டிக்காரர், “இம்புட்டு நேரமாக்கா?” என்று பலமுறை கேட்டுவிட்டார். சரக்கு போயிற்று, திரும்பி வரவில்லை.

நீ மறைந்த பிறகும், பொய் சொல்கிறீர்கள் என்று குறுக்கு விசாரணையை என்னால் தொடங்க முடிவதில்லை. எந்த வெளிச்சத்தில் பார்த்தீர்கள் என்றே முதலில் கேட்கிறேன். எதிர்த்தரப்பு ஆட்சேபித்தால், வழக்கோடு தொடர்புடைய கேள்வி என்று மட்டும் பதில் சொல்கிறேன். உன்னோடும் தொடர்புடையது என்பதை அங்கே சொல்வதில்லை.